வீட்டுக் கோழிக்குக் காயம் பட்டால்: முதல் அரை மணி நேரமும் அதற்குப் பிறகும்

வீட்டில் நாலைந்து கோழி வளர்க்கத் தொடங்கினால், காயம் என்பது என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும். தெருநாய் கவ்வும், கீரி கழுத்தைப் பிடிக்கும், முள்கம்பியில் மாட்டித் தொடை கிழியும். சேவல் மிதித்து மிதித்தே பெட்டையின் முதுகுத் தோல் உரிந்துவிடும். ரத்தத்தோடு நிற்கும் கோழியைப் பார்த்ததும் புதிதாக வளர்ப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: இனிப் பிழைக்காது என்று அறுத்துவிடுகிறார்கள், அல்லது கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அள்ளிப் போடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

கோழிக்குக் காயம் ஆற்றிக்கொள்ளும் திறன் அதிகம். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போன கோழிகூட, சரியாகப் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் புதுத் தோலும் இறகுமாக நடமாடும். பெரும்பாலும் அதைக் கொல்வது காயத்துக்குப் பின்னால் வருகிற மூன்று விஷயங்கள்: அதிர்ச்சி, ஈ, மற்ற கோழிகளின் அலகு. இந்த மூன்றையும் தடுப்பதுதான் வைத்தியத்தில் பெரும்பகுதி. மருந்தின் பங்கு அதற்கு அப்புறம்தான்.

முதல் வேலை: பிரித்து வைப்பது

சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் கோழிகள் கொத்தும். கூடவே வளர்ந்த கோழியாக இருந்தாலும் கொத்தும். ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்துகொள்ளும்; சின்னக் காயம் மாலைக்குள் குழியாகிவிடும். அதனால் காயத்தை ஆராய்வதற்கு முன்பே கோழியைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

சந்தையில் தூக்குவதுபோல் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். நமக்கு இருப்பதுபோல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. தலைகீழாகப் பிடித்தால் குடலும் ஈரலும் நுரையீரல் பக்கம் சரிந்து மூச்சு முட்டும். அடிபட்ட கோழி அதைத் தாங்காது. இரண்டு றெக்கைகளையும் உடம்போடு சேர்த்து இரு கையாலும் பிடியுங்கள், அல்லது பழைய துண்டு ஒன்றைப் போர்த்தித் தூக்குங்கள். தலையையும் சேர்த்து லேசாக மூடினால் உடனே அடங்கிவிடும். ஓடி ஒளிகிற கோழியைத் துரத்திக் களைக்க வைக்க வேண்டாம். ரத்தம் ஒழுகவில்லை என்றால், பொழுது சாய்ந்து அது அடைந்த பிறகு எடுப்பது எளிது.

பஞ்சாரம், அட்டைப்பெட்டி, பழக்கூடை எதுவானாலும் சரி. அடியில் பழைய பருத்தித் துணி அல்லது செய்தித்தாள் விரியுங்கள். மணல், உமி, மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கொள்ளும். இருட்டான, சத்தமில்லாத, நாயும் பூனையும் எட்டாத மூலையில் வையுங்கள்.

ரத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் ஒரு அரை மணி நேரம் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கோழி மற்றவைக்கு இரையாகிற பிராணி. நாய் வாயிலிருந்து தப்பிய கோழி, கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதரையும் இன்னொரு நாயாகத்தான் நினைக்கும். காயம் சிறிதாக இருந்தும் அந்தப் பயத்திலேயே செத்துப்போகும் கோழிகள் உண்டு. கொண்டை வெளிறி, கால்கள் சில்லிட்டு, கண் மூடி ஒடுங்கியிருந்தால் அதிர்ச்சியில் இருக்கிறது என்று பொருள். மழைக்கால இரவாக இருந்தால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்படி ஒரு குண்டு பல்பைப் போடுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் பல்பே வேண்டாம். நிழலும் காற்றும் போதும்.

ரத்தம் ஒழுகினால்

இங்கே மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், டீக்கடைக் கிளாஸ் ஒன்று நிறைகிற அளவு. நமக்கு அற்பமாகத் தெரிகிற ஒழுக்கு அதற்குப் பெரிய இழப்பு.

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையால் ஒரே சீராக அழுத்துங்கள். 5 நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி பிய்ந்து வரும். முதல் துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

கொண்டையும் தாடியும் கிழிந்தால் முகமெல்லாம் ரத்தமாகி, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நகம் ஒடிந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இறகு முறிந்தாலும் ரத்தம் வரும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருப்பதுதான் காரணம். இந்த இடங்களில் மஞ்சள்தூளோ சோளமாவோ வைத்து அழுத்தலாம். ஆழமான காயத்துக்குள் மாவைத் திணிக்காதீர்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மண்ணெண்ணெய், டர்பென்டைன் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு வெந்த புண்ணாக்கும். மண்ணெண்ணெயும் டர்பென்டைனும் தோல் வழியாகவே கெடுதல் செய்யும்.

முழு உடம்பையும் பாருங்கள்

கண்ணில் பட்ட காயம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. நாயோ பூனையோ கடித்திருந்தால் பல் பட்ட இடம் சின்னத் துளையாக, இறகுக்கு அடியில் மறைந்திருக்கும். உள்ளே தசை கிழிந்து, வாயிலிருந்த கிருமியும் சேர்ந்து போயிருக்கும். என்னைக் கேட்டால், முதுகில் அகலமாகத் தோல் உரிந்த கோழியைவிட இரண்டு சின்னத் துளையோடு வருகிற கோழியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். முன்னது பார்வைக்குக் கோரம், பின்னது ஆபத்து.

ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் இறகுகளை எதிர்த்திசையில் ஊதி விலக்கிக்கொண்டே தலையிலிருந்து வாருங்கள்: பின்கழுத்து, முதுகு, இரண்டு றெக்கைக்கும் அடிப்பக்கம், தொடை இடுக்கு, கடைசியாக எச்சவாய். றெக்கை இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, இரண்டு காலையும் ஊன்றுகிறதா என்று கவனியுங்கள்.

புதியவர்களைக் கலங்கடிக்கும் இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிபட்ட மறுநாள் அந்த இடம் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று நினைத்து அறுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அது அழுகல் இல்லை, கன்றிப்போன இடம். நமக்கு ரத்தம் கட்டினால் நீலமாகி மஞ்சளாவதுபோல் கோழிக்குப் பச்சையாகும். ரத்தம் சிதையும்போது வரும் பச்சை நிறமியை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதி அதன் உடம்பில் இல்லை, அவ்வளவுதான். துர்நாற்றம் இல்லாத வரை பச்சைக்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்று இருப்பது. கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் உடம்பெங்கும் உண்டு. அதில் ஒன்று கிழிந்தால் காற்று தோலுக்கடியில் வரும். கொஞ்சமாக இருந்தால் தானாக வற்றிவிடும். பலூன்போல் ஊதிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தக் கூடாத காயங்கள்

குடல் வெளியே தெரிந்தால், கழுத்தடியில் உள்ள இரைப்பை கிழிந்து தின்ற தானியமோ தண்ணீரோ காயம் வழியாக வந்தால், எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கண்ணில் ஆழமாகப் பட்டிருந்தால், அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் திணறினால் நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை, நாய், கீரி கடித்த ஆழமான துளைகளையும் இதில் சேருங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். கோழிக்கெல்லாம் டாக்டரா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் கோழியையும் பார்க்கின்றன. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். சென்னையில் வேப்பேரி, மற்றும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அங்குள்ள சிகிச்சை வளாகங்கள் பெரிய வசதி.

மருத்துவர் மருந்து கொடுத்தால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் கறிக்கு எடுக்கக் கூடாது? ஒவ்வொரு மருந்துக்கும் அந்தக் கணக்கு மாறும். அந்த நாட்களின் முட்டையை விற்கவும் கூடாது, அக்கம்பக்கத்தில் கொடுக்கவும் கூடாது.

குடல் கிழிந்து கிடக்கிற கோழிக்கு வலியை நீட்டிப்பது கருணை இல்லை. மருத்துவர் இனி வழியில்லை என்றால் வலியில்லாமல் முடித்துவிடச் சொல்லுங்கள்.

கழுவுவது

காயம் நன்றாக ஆறுவதற்கும் சீழ் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் முதல்நாள் கழுவலில்தான் இருக்கிறது. இதில் அவசரம் காட்ட வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் 9 கிராம் தூள் உப்பைக் கரையுங்கள். தலை தட்டிய டீஸ்பூனால் ஒன்றரை வரும். உடம்பின் திரவத்துக்குச் சமமான உப்பு என்பதால் எரியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலும் இதேதான். வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள்; குளிர்ந்த நீர் அதிர்ச்சியைக் கூட்டும்.

காயத்தைச் சுற்றி ஒரு விரற்கடை தூரத்துக்கு இறகுகளைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்காதீர்கள். கோழித் தோல் மெல்லியது. இறகோடு சேர்ந்து கிழிந்து வரும். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் உப்புநீரை எடுத்துப் பீய்ச்சுங்கள். மண், உலர்ந்த ரத்தம், இறகுத் துணுக்கு எல்லாம் வெளியேறித் தண்ணீர் தெளிவாக வரும்வரை தொடருங்கள். பஞ்சால் தேய்த்தால் இழை ஒட்டிக்கொள்ளும்; ஓரத்தைத் துடைக்க மெல்லிய காட்டன் துணி நல்லது.

ஒரு எச்சரிக்கை. முதுகிலோ, றெக்கைக்கு அடியிலோ, நெஞ்சிலோ ஆழமான ஓட்டை இருந்து, கோழி மூச்சு விடும்போது அதில் குமிழி வந்தால் அங்கே தண்ணீர் பீய்ச்சவே கூடாது. அது காற்றுப்பைக்குத் திறந்திருக்கும் ஓட்டை. தண்ணீர் உள்ளே போனால் கோழி நம் கையிலேயே மூழ்கிச் சாகும். ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டு, சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கழுவிய பிறகு போவிடோன் அயோடின், அதாவது கடையில் பீட்டாடின் என்று கேட்டு வாங்குவது, பத்து மடங்கு தண்ணீரில் கலந்து இளம் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்ததும் காயத்தின்மேல் ஊற்றுங்கள். அப்படியே கெட்டியாக ஊற்றினால் முளைக்கிற புதுத் திசுவையும் கருக்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கிப் பொங்கி வருவதைப் பார்த்தால் நன்றாகச் சுத்தமாகிறது என்று தோன்றும். நல்ல திசுவையும் அது அழிக்கிறது, தினமும் போட்டால் புண் ஆறவே ஆறாது. டெட்டாலையும் காயத்தில் ஊற்ற வேண்டாம்.

மேலே என்ன போடலாம்?

மெல்லிய படலமாகப் போவிடோன் அயோடின் களிம்பு போதும். கால்நடை மருந்துக்கடையில் ஈ அண்டாமல் தடுக்கும் மூலிகை ஸ்ப்ரேக்கள், களிம்புகள் உண்டு. ஈ அதிகமுள்ள மாதங்களில் அவை மிகவும் உதவும். கண்ணிலும் மூக்கிலும் படாமல் அடியுங்கள்.

நம் ஊரில் மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சித் தடவுவார்கள். கழுவிச் சுத்தமான மேல்காயத்துக்குக் கோழிக்கும் இதைப் போடலாம் என்பதே என் அனுபவம். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான். எண்ணெய் அதிகமானால் இறகு ஒட்டிப்போய் மழைக்கும் பனிக்கும் உடம்பைக் காக்க முடியாமல் கோழி நடுங்கும், தூசியும் அப்பிக்கொள்ளும். ஆழமான ஓட்டைக்குள் ஊற்ற வேண்டாம். தேனும் புண்ணுக்கு நல்லதுதான், ஆனால் எறும்பு வரும். அடைபட்ட கோழியை எறும்பு மொய்த்தால் அதனால் தப்பி ஓட முடியாது. தேன் போட்டாலும் போடாவிட்டாலும், பெட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்து அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நல்ல வழக்கம்.

கட்டு போட வேண்டுமா? காலிலும் பாதத்திலும் போடலாம், தினமும் மாற்ற வேண்டும். உடம்பில் பெரும்பாலும் தேவையில்லை. கோழி நெஞ்சை விரித்துச் சுருக்கித்தான் மூச்சு விடுகிறது. நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மூச்சடைத்துச் சாகும்.

மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். குறிப்பாக டைக்ளோஃபினாக். மாடுகளுக்கு இதைப் போடுவதை இந்தியா 2006இல் தடை செய்ததற்குக் காரணமே, மருந்து போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான். கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். பென்சோகெயின், லிக்னோகெயின் போல மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்புகளும் வேண்டாம். பறவைகளுக்கு அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. வலிக்கு மருந்து தேவை என்று தோன்றினால் மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கட்டும்.

புழு

வெயிலும் ஈரமும் சேர்ந்த நாட்களில், காலையில் ஈ முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். எச்சவாயைச் சுற்றிய காயங்களில் இது வெகு சீக்கிரம் நடக்கும், அங்கே எச்சமும் ஈரமும் எப்போதும் இருப்பதால். வெள்ளையாக அரிசிக் குருணைபோல் ஒட்டியிருந்தால் அது ஈயின் முட்டை. அப்போதே சீவி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புழு வைத்துவிட்டால் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரைப் பீய்ச்சப் பீய்ச்ச மூச்சுக்காக மேலே வரும். மாட்டுக்குச் செய்வதுபோல் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை முதல்நாள் மட்டும் புண் ஓரத்தில் தொட்டு வைக்கலாம்; தொடர்ந்து வேண்டாம். சீத்தாப்பழக் கொட்டைப் பொடியை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், உங்கள் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எல்லாப் புழுவையும் எடுத்துவிட்டோம் என்று தோன்றினாலும் அன்று மாலையும் மறுநாளும் திரும்பப் பாருங்கள். ஒளிந்திருந்தது வெளியே வரும். உள்ளே ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறும்வரை பெட்டியின்மேல் கொசுவலை போட்டு வையுங்கள். புழு வந்தபின் படும் பாட்டைவிட இது எவ்வளவோ சுலபம்.

தீனியும் தண்ணீரும்

முதல்நாள் தின்னாவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீரோ, கொஞ்சம் கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட தண்ணீரோ வையுங்கள். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே தலையைத் தூக்கி விழுங்கும். பிறகு வேகவைத்த முட்டையை நசுக்கிக் கொடுங்கள். புதுத் தோலுக்கும் இறகுக்கும் புரதம்தான் வேண்டும். கம்மஞ்சோறும் கீரையும் விரும்பித் தின்னும். இரண்டாம் நாளும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

தினமும் எதைப் பார்க்க வேண்டும்?

காலையும் மாலையும் ஒரு பார்வை. கழுவுவது முதல் சில நாட்கள் தினமும் ஒருமுறை போதும்; பொருக்கு கட்டத் தொடங்கியதும் அதை உரிக்காமல் விடுங்கள். கோழிக்குச் சீழ் நம்மைப்போல் நீராக ஒழுகாது. மஞ்சளாக, பாலாடைக்கட்டிபோல் கெட்டியாகத் திரளும். அதனால் ஒழுகல் இல்லை, நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவது சுலபம். சுற்றிலும் வீங்கி, தொட்டால் சூடாக, உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அது சீழ்தான். நசுக்கினால் வராது, மருத்துவர் திறந்து எடுக்க வேண்டும். நாற்றம் அடித்தாலும், ஓரம் கறுத்துக்கொண்டே போனாலும், தின்றுகொண்டிருந்த கோழி திடீரென்று ஒடுங்கினாலும் காத்திருக்காதீர்கள்.

மேலோட்டமான கீறல் ஒரு வாரத்தில் ஆறும். தோல் உரிந்த பெரிய காயத்துக்கு மூன்று நான்கு வாரம் பொறுமை வேண்டும். அது வரை முட்டை நின்றுபோவது இயல்பு.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் பொருக்கோடு மருக்கள் வந்திருந்தால் அது கொத்துக் காயமாக இல்லாமல் அம்மையாக இருக்கலாம். கொசுவாலும் பரவுகிற வைரஸ் நோய். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதிலேயே கிருமி இருக்கிறது. பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் உள்ளே சீழ்க்கட்டி; வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை: நாயிடமிருந்து கோழியைப் பிடுங்கும்போது உங்கள் கையில் பல் பட்டிருந்தால், கோழியை விட்டுவிட்டு முதலில் உங்கள் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கோழியைத் தொட்ட பின் எப்போதும் கை கழுவுங்கள்.

திரும்பக் கூட்டத்தில் விடுவது

சிவப்பு முழுதும் மறைந்து தோல் மூடும்வரை விடாதீர்கள். நெடுநாள் பிரிந்திருந்த கோழியை மற்றவை புதிய ஆளாக நினைத்து அடிக்கும். அதனால் அதிர்ச்சி நீங்கிய பிறகு பெட்டியை மற்ற கோழிகள் கண்ணில் படுகிற மாதிரி, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வைத்திருங்கள். விடும்போது பொழுது சாய்கிற நேரத்தில், கூட்டிலிருக்கும் சாதுவான கோழி ஒன்றோடு முதலில் பழகவிட்டு, அப்புறம் எல்லாவற்றோடும் சேருங்கள். தீனியை இரண்டு மூன்று இடத்தில் பரப்பி வைத்தால் சண்டை குறையும்.

காயம் சேவலால் வந்திருந்தால், அந்தச் சேவல் இருக்கும் இடத்தில் பெட்டையை விடுவதில் அர்த்தமில்லை. ஒரு சேவலுக்கு எட்டு பத்து பெட்டையாவது இருக்க வேண்டும். மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் என்றால் முதுகு உரியத்தான் செய்யும். சேவலின் நக நுனியையும் கால் முள்ளின் கூர்முனையையும் ரத்தம் வராத அளவுக்கு அரம் வைத்து மழுக்கலாம். இறகு முளைக்கும்வரை பெட்டையின் முதுகுக்குத் தடித்த காட்டன் துணியில் ஒரு சேணம் தைத்து, றெக்கைக்கடியில் எலாஸ்டிக் வைத்து மாட்டிவிடலாம். தினமும் கழற்றி அடியில் பேன், ஈரம், புது உரசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். கீரியோ நாயோ காரணம் என்றால், கூட்டுக் கதவின் கொக்கியையும் வலையின் அடி ஓரத்தையும் அன்றைக்கே சரி செய்யுங்கள். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அது மறுபடியும் வரும்.